அனுமதி பெறாத பரிவு

எலிகள் பயப்படவில்லை என்பதற்காக ஒரு பெண்ணை விசாரித்தார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் விசாரித்தார்கள். மொத்தம் பதினோரு அமர்வுகள். ஒவ்வோர் அமர்விலும் தேநீர், இரண்டு பிஸ்கட். விசாரிக்கப்பட்டவளுக்கு மட்டும் கிடையாது. அவளுக்குக் கொடுத்தால் சாட்சியை வசப்படுத்தியதாகிவிடும் என்று சட்ட ஆலோசகர் எழுத்துமூலம் கருத்துச் சொல்லியிருந்தார்.

அவளை எல்லோரும் எலியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மரபுத்தட ஆய்வு நிலையத்தின் மூன்றாவது மாடியில் நானூற்றுப் பன்னிரண்டு கூண்டுகளுக்கு அவள்தான் பொறுப்பு. காலை ஆறரைக்கு வந்து, தொப்பியும் மேலங்கியும் கையுறையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால், ஈரமான மரத்தூளை மாற்றுவது, தண்ணீர்ப் புட்டிகளின் மூக்கு அடைத்திருக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பது, முந்தின நாள் ஜோடி சேர்த்த பெண் எலிகளில் எது சினைப்பட்டிருக்கிறது என்று குறிப்பது, எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவது என்று பொழுது ஓடிவிடும். எலியை வாலைப் பிடித்துத் தூக்கமாட்டாள். இரண்டு கையையும் கிண்ணமாகக் குவித்து வைப்பாள். அது தானாக ஏறிக்கொள்ளும். "என்னடா, நேத்து தூங்கலையா? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பத்தொன்பது வருடம் இப்படிப் பேசினாள். அது குற்றம் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

நிலையத்தின் பெருமை கிராம்புச் சோதனை. ஆண் எலிகளுக்குக் கிராம்பு எண்ணெய் வாசனையைக் காட்டி, அதே நொடியில் காலடிக் கம்பியில் சுரீரென்று லேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். நாலே நாளில் அந்த எலிகள் கிராம்பு வாசனை வந்தாலே கல்லாகச் சமைந்து நின்றன. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அந்த எலிகளின் பேரப்பிள்ளைகள், சோதனைக்கூண்டுக்குள் காலே வைக்காதவை, அவையும் கிராம்பு வாசனைக்கு மூலையில் போய் ஒடுங்கின என்பதுதான் அதிசயம். தாத்தா பட்ட அடி பேரனுக்கு வலிக்கிறது! மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறாமல், அதன்மேல் ஒட்டிய சின்ன அடையாளங்கள் வழியாகப் பயம் தலைமுறை தாண்டி இறங்குகிறது என்று இயக்குநர் உலகத்துக்கு அறிவித்தார். வரவேற்பறையில் அவர் எலி ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு சிரிக்கும் ஆளுயரப் படம் மாட்டப்பட்டது.

பேரப்பிள்ளை எலிகளை இயக்குநர்தான் தம் கையால் சோதித்தார். "முக்கியமான கண்டுபிடிப்ப முக்கியமானவங்கதான் பண்ணணும்" என்பது அவர் கொள்கை. பதினான்கு மாதம் தினமும் மூன்றாவது மாடிக்கு வந்தார். அந்தப் பதினான்கு மாதமும் அவருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. பல் மருத்துவரிடம் போகப் பயம். ஆகவே கிராம்பு எண்ணெயில் நனைத்த பஞ்சைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வருவார். வலியின் எரிச்சலில், கண் திறக்காத குட்டிகள் இருக்கும் கூண்டைக்கூடப் படாரென்று இழுப்பார், வாலைப் பிடித்துத் தொங்கவிடுவார், "உக்காருடா!" என்று கத்துவார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எதிர்வரிசையில் வைத்திருந்த, மின்சாரம் படாத தாத்தாக்களின் வம்சத்தை அவர் தொடவில்லை. அதை நிலையத்தின் இன்னொரு ஆராய்ச்சியாளரான டாக்டரம்மாதான் பார்த்துக்கொண்டார். அந்த எலிகள் எதற்கும் பயப்படவில்லை.

எலியக்கா பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் மூக்கு இருந்தது, கண் இருந்தது, பதிவேடு இருந்தது. எழுதினாள்: "காலை பத்து மணி. ஐயா வந்தார். கிராம்பு வாசனை. மூன்றாம் தட்டுக் குட்டிகள் மூலைக்கு ஓடின. ஐயா போனார். பதினைந்து நிமிஷத்தில் சரியாயின." இப்படி இருநூற்றுச் சொச்சம் நாள். ஒருநாள் டாக்டரம்மாவிடம் காட்டவும் செய்தாள்.

"டாக்டரம்மா, இதுங்க தாத்தாவ நெனச்சுப் பயப்படல. ஐயாவப் பாத்துப் பயப்படுதுங்க."

டாக்டரம்மா பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறியது. பிறகு பதிவேட்டை மூடித் தம் கைப்பையில் வைத்துக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதான் அக்கா. இது எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும். சமயம் பாத்து நான் பேசறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க, உங்களத்தான் பலி போடுவாங்க."

தன்மேல் இவ்வளவு அக்கறையா என்று எலியக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த டாக்டரம்மா ஏழு வருடத்துக்கு முன் வந்து சேர்ந்தவர். கருவின் ஆரம்ப நாட்களைப் பற்றிய ஆராய்ச்சி. வந்த முதல் நாளே எலி கடித்து, ரத்தத்தைப் பார்த்து அவர் மயங்கி விழுந்தபோது மடியில் சாய்த்துத் தண்ணீர் தெளித்தவள் எலியக்கா. அன்றிலிருந்து அக்கா, தங்கச்சி போலத்தான். மதியச் சாப்பாட்டை ஒன்றாகத் திறப்பார்கள். டாக்டரம்மாவின் மாமியார் சண்டை, பதவி உயர்வு தள்ளிப்போனது, குழந்தை தங்காமல் போனது எல்லாம் எலியக்காவுக்குத் தெரியும். ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒருநாள் டாக்டரம்மா அவளை நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். வட்டமாக, கண்ணாடி மணிபோல ஒன்று; அதற்குள் இரண்டு உருண்டைகள்.

"நேத்து இது ஒண்ணா இருந்துச்சு அக்கா. இன்னைக்கு ரெண்டு. நாளைக்கு நாலு, எட்டு. நாலாம் நாள் போய்க் கர்ப்பப்பையில ஒட்டிக்கும். இந்த நாலு நாள்ல என்ன நடக்குது தெரியுமா? அப்பன் ஆத்தா மேல ஒட்டியிருந்த பழைய அடையாளத்த எல்லாம் அது தொடச்சுப் போட்டுடும். அனேகமா எல்லாத்தையும். புதுசா ஆரம்பிக்கும்."

எலியக்கா கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அப்ப, பெத்தவ வேணாம்னு நெனச்சிருந்தா? அது தெரியுமா அதுக்கு?"

"ஏன் அக்கா கேக்கறீங்க?"

அவள் சொல்லிவிட்டாள். இருபத்தாறு வருடமாக யாரிடமும் சொல்லாததை. கல்யாணமான ஆறாவது மாதம் புருஷன் லாரியோடு போனவர் போனவர்தான்; கடிதம் இல்லை, தகவல் இல்லை; வேறு ஊரில் வேறு குடும்பம் என்று காதில் விழுந்தது. அப்போது அவள் வயிற்றில் இரண்டாவது மாதம். கலைத்துவிடலாம் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போய், சீட்டு வாங்கி, காலையிலிருந்து ஒரு மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் எண்ணைக் கூப்பிட்டபோது எழுந்தாள். உள்ளே போகாமல் வெளியே வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. எட்டாம் மாதம் புருஷன் திரும்பி வந்தார். மகள் பிறந்தாள். அப்பாவும் மகளும் அப்படி ஒட்டிக்கொண்டார்கள். ஆறு வருடத்துக்கு முன் அவர் செத்துப்போனார். அவருக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது.

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண்கூடக் கலங்கியிருந்தது. "அக்கா, நீங்க போனது ரெண்டாவது மாசம். நான் சொல்றது முதல் நாலு நாள் கதை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க பொண்ணுக்கு ஒண்ணும் ஆகல. நிம்மதியா இருங்க."

அன்று இரவு எலியக்கா பல வருடத்துக்குப் பிறகு அடித்துப்போட்டாற்போலத் தூங்கினாள்.

பிறகு சர்வதேச ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். கிராம்புச் சோதனையைத் தங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்றார்கள். அவர்களோடு நின்று படம் எடுக்கவேண்டுமே என்பதற்காக இயக்குநர் இரண்டு மாதம் முன்பே பல்லைக் கடித்துக்கொண்டு போய்ச் சொத்தைப் பல்லைப் பிடுங்கி, புதுப் பல் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அந்த இரண்டு மாதமும் வீக்கம் என்று எலிகள் பக்கமே வரவில்லை. அதற்குள் புதிதாகப் பிறந்து வளர்ந்த முப்பத்தாறு பேரப்பிள்ளைகள் வரிசையாகச் சோதனைக்கு வந்தன. கிராம்புப் பஞ்சு வைக்கப்பட்டது. முதல் எலி நேராக வந்து முகர்ந்தது. இரண்டாவது பஞ்சைப் பிய்த்துப் படுக்கை போட்டது. ஏழாவது அதன்மேல் ஏறி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. முப்பத்தாறில் ஒன்றுகூடப் பயப்படவில்லை. ஒன்று மட்டும் மூலைக்குப் போனது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது தூங்குவதற்குப் போயிருந்தது.

மறுநாள் எலியக்காவுக்குக் குறிப்பாணை வந்தது. அவளுக்குப் புரியவில்லை என்பதால் வாயிற்காவலரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவரும் இரண்டு முறை படித்தார்.

"தங்கள் பொறுப்பிலிருந்த விலங்குகளிடம் உரிய அனுமதியின்றிப் பரிவு காட்டி, அதன்மூலம் அவற்றின் முன்னோர் விட்டுச்சென்ற பயத்தை அழித்து, நிலையத்தின் சொத்துக்குச் சேதம் விளைவித்ததற்காக ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் தரவும்."

"பரிவுன்னா?" என்றாள் எலியக்கா.

"பாசமா இருக்கறது, அக்கா. அதுக்கு ஏதோ படிவம் இருக்குபோல. நீ வாங்கல."

விசாரணைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற பின் அறுபத்திரண்டு குழுக்களுக்குத் தலைமை தாங்கியவர். ஒன்றில்கூட முடிவு வந்ததில்லை என்பதால் எல்லாத் தரப்பினரும் மதித்தார்கள். உறுப்பினர் செயலர் டாக்டரம்மா. அதைக் கேட்டதும் எலியக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நம்ம ஆள் உள்ளே இருக்கிறார், பிறகென்ன?

முதல் மூன்று அமர்வுகள் எலிகளிடம் என்ன பேசினாள் என்பதில் போயின. "'என்னடா' என்று அழைத்ததாகத் தகவல். ஆணா பெண்ணா என்று உறுதிசெய்த பிறகு அழைத்தீர்களா?" என்று தலைவர் கேட்டார். நாலாவது அமர்வில் கையைக் குவித்துக் காட்டச் சொன்னார்கள். குவித்தாள். அதன் ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது அமர்வில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. எல்லாம் பெரியையாவோட பல்லுங்க."

பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த சட்ட ஆலோசகர் மெல்லுவதை நிறுத்தினார். எலியக்கா பல், பஞ்சு, வாசனை, வால் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இயக்குநரின் பல் இந்தக் குழுவின் விசாரணை வரம்புக்குள் வராது. தவிர, அது பிடுங்கப்பட்டுவிட்டதால் அதன் தரப்பைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்வது இயற்கை நீதிக்கு விரோதம்."

"நான் தெனமும் எழுதி வச்சிருக்கேங்க. பதிவேடு இருக்கு. டாக்டரம்மாகிட்டதான் இருக்கு. அவங்களே சொல்லுவாங்க."

எல்லோரும் டாக்டரம்மாவைப் பார்த்தார்கள். டாக்டரம்மா கோப்பைப் பார்த்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பினார்.

"அப்படி ஒரு பதிவேடு என் கவனத்துக்கு வரல" என்றார்.

எலியக்காவுக்கு முதலில் சரியாகக் காதில் விழவில்லை என்றுதான் தோன்றியது. "கைப்பையில வச்சீங்களே டாக்டரம்மா, அன்னைக்கு..." என்று எடுத்துக்கொடுத்தாள், பாவம் மறந்துவிட்டார் போலும் என்று. டாக்டரம்மா நிமிரவில்லை. "சாட்சி உணர்ச்சிவசப்பட்டிருக்காங்க. அமர்வ ஒத்திவைக்கலாம்" என்று தலைவரிடம் சொன்னார். தேநீர் வந்தது.

அன்று அவள் எப்படி வீட்டுக்குப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை. பேருந்தில் யாரோ காலை மிதித்தார்கள் என்பது மட்டும் நினைவிருந்தது. ஏழு வருடம் ஒரே கிண்ணத்தில் கைவைத்துச் சாப்பிட்டதை நினைத்து நினைத்துக் கிடந்தாள். அப்போதும் ஒரு மூலையில், ஏதோ காரணம் இருக்கும், பெரிய இடத்து விஷயம், பாவம் அவருக்கும் பதவி உயர்வு வரவேண்டாமா என்று மனசு வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பதாவது அமர்வில் இயக்குநரே வந்து உரையாற்றினார்.

"நண்பர்களே, இந்த நிலையத்த ஆரம்பிச்சது என் தகப்பனார். நான் வந்தது முழுக்க முழுக்கத் தகுதியில. அடுத்த மாசம் என் மகன் வர்றார், அவரும் தகுதியிலதான். மூணு தலைமுறையாத் தகுதி எங்க குடும்பத்துல தானா இறங்குது. இதைவிட என் கொள்கைக்கு என்ன நிரூபணம் வேணும்? எலி பயப்படலன்னா தப்பு எலி மேலதான். என் கொள்கை மேல இல்ல. ஆனா இந்த அம்மாவ நான் தண்டிக்க விரும்பல. ஆராய விரும்பறேன். மூணு தலைமுறைப் பயத்தையே அழிக்கிற அளவுக்கு ஒரு மனுஷிக்குப் பாசம் எங்கேருந்து வந்துச்சு? அதுக்கு ஒரு காரணம் இருக்கணும். காரணத்த நம்ம டாக்டரம்மா கண்டுபிடிச்சிருக்காங்க."

கைதட்டினார்கள். எலியக்காவிடம் ஒப்புதல் படிவம் நீட்டப்பட்டது. விருப்பம் இல்லாவிட்டாலும் விருப்பத்தோடு கையெழுத்திடலாம் என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. போடாவிட்டால் வேலை போகும் என்று சட்ட ஆலோசகர் அன்பாக எடுத்துச் சொன்னார். என்ன காரணம், என்ன ஆராய்ச்சி என்று அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. போட்டாள்.

பாசத்துக்கு ஆளான எலிகள் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று அவளை அடித்தளத்தில் குடுவை கழுவும் பிரிவுக்கு மாற்றினார்கள். மூன்றாவது மாடிக்கு இயக்குநரின் மகன் வந்தார். அவருக்குத் துணை இயக்குநர் (பயம்) என்று பதவி.

இரண்டு மாதம் கழித்து அறிக்கை அச்சுக்குப் போயிற்று. நிலையத்துக்கு எதிரே ஓர் அச்சகம். அங்கே எலியக்காவின் மகள் பிழை திருத்துபவள். ஏழு மாதக் கர்ப்பம். அச்சுக்கு முந்தைய மெய்ப்புத் தாள்களைத் திருத்தி முடித்தாயிற்றா என்று பார்த்து அந்தத் தாள்கட்டை வாங்கி வரும்படி கீழ்த்தளத்துக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். கை ஓய்வாக இருந்தவள் எலியக்காதான். ஆகவே தன்னைப் பற்றிய அறிக்கையை வாங்கிவர அவளே போனாள்.

நண்பகல். அச்சு இயந்திரம் சாப்பாட்டு நேரத்துக்கு நின்றிருந்தது. மகள் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் தாள்கள், கையில் சிவப்புப் பேனா. அம்மாவைப் பார்த்தும் எழவில்லை.

"சாப்டியாம்மா?" என்றாள் எலியக்கா.

"நாப்பத்தோராம் பக்கம்" என்றாள் மகள். தாளை இந்தப் பக்கம் தள்ளினாள்.

ஆளின் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகப் பெயரை மட்டும் நீக்கியிருந்தார்கள். "நபர் அ. வயது நாற்பத்தேழு. பெண். மூன்றாவது மாடி விலங்குப் பராமரிப்பாளர். பத்தொன்பது ஆண்டுப் பணி. ஒரே மகள், வயது இருபத்தாறு, எதிரேயுள்ள அச்சகத்தில் பணி" என்று இருந்தது. அதன்கீழ்: "மேற்படி மகளைக் கருவின் ஆரம்ப நிலையிலேயே அழிக்க முயன்ற குற்றவுணர்வு, நபர் அ-விடம் மிகைப் பரிவாக வெளிப்படுகிறது. தாயால் வேண்டாமென ஒதுக்கப்பட்ட தடம் மகளிடமும், மகளின் வயிற்றிலுள்ள குழந்தையிடமும் அழியாமல் இருக்கும் என எதிர்பார்க்கலாம். தொடர்ந்து ஆராயவேண்டும்." கீழே டாக்டரம்மாவின் கையொப்பம்.

எலியக்கா ஒரு வரி விடாமல் படித்தாள். பெஞ்ச், சீட்டு, ஒரு மணி எல்லாம் அச்சில் இருந்தன. ஒரு மணி என்பது "பிற்பகல் 1.00" என்று திருத்தப்பட்டிருந்தது. மகளின் கையெழுத்து.

"நெசமாம்மா?"

"நெசந்தான். ஆனா அழிக்கலடி. எந்திரிச்சு வந்துட்டேன். உங்கப்பா போனவரு..."

"அது எனக்குப் புரியுதும்மா. அந்த இடத்துல நானா இருந்தாலும் போயிருப்பேன். எனக்கு அது வலிக்கல." மகள் பேனாவை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். "இருவத்தாறு வருஷமா எங்கூட இருக்க. அப்பா செத்தப்ப ரெண்டு பேரும் ஒரே பாயில படுத்து அழுதோம். எங்கிட்ட சொல்லல. அவங்ககிட்டப் போய்ச் சொல்லியிருக்க."

"உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

"அவங்ககிட்ட எப்படிச் சொன்ன?"

எலியக்கா நாற்பத்தோராம் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏமாந்தவள் நான் என்றுதான் இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு டாக்டரம்மா செய்ததை, தான் இந்தப் பெண்ணுக்குச் செய்திருக்கிறோம் என்பது அந்த மேசையோரத்தில்தான் அவளுக்கு உறைத்தது.

"இந்தப் பக்கத்த எடுத்துடு கண்ணு. உன் கையிலதான இருக்கு."

மகள் தாள்கட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். பின்னிணைப்பு நான்கு. எலியக்காவின் பதிவேடு! கவனத்துக்கே வராத பதிவேடு, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துச் சேர்க்கப்பட்டிருந்தது, "நபர் அ-வின் மிகைப் பரிவுக்குச் சான்று" என்ற தலைப்பில். கிராம்பு என்று வந்த வரிகளைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் போட்டு ஓரத்தில் 'நீக்கவும்' என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தும் எலியக்காவுக்குத் தெரியும்.

"இத நீக்கச் சொல்லியிருக்காங்க" என்றாள் மகள். "நான் நீக்கப் போறதில்ல. பிழை இருந்தாத்தான் திருத்துவேன். இதுல பிழை இல்ல." பிறகு நாற்பத்தோராம் பக்கத்தில் விரலை வைத்தாள். "இதுலயும் பிழை இல்லையேம்மா. 'அழிக்க முயன்ற'ன்னு போட்டது மட்டும் தப்பு. 'அழிக்க எண்ணிய'ன்னு மாத்தியிருக்கேன்."

அறுபது பிரதிகள் அச்சாயின. கிராம்பு வரிகள் ஒன்றுகூடக் குறையவில்லை.

வெளியீட்டு விழாவில் எலியக்கா கடைசி வரிசையில், குடுவை கழுவுகிற ஈரக் கையோடு நின்றாள். யாராவது பின்னிணைப்பைத் திறப்பார்கள், திறந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. ஒருவரும் திறக்கவில்லை. நாற்பத்தோராம் பக்கத்தை மட்டும் எல்லோரும் திறந்தார்கள். கணக்குப் பிரிவு, உணவகம், வாகன ஓட்டுநர்கள் வரை அதைப் படித்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். வாயிற்காவலர் மட்டும் படித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து 'நீ' என்பதை விட்டுவிட்டு 'நீங்க' என்றார்.

ஆறு வாரம் கழித்து, சர்வதேசக் குழுவில் ஒருவர் மட்டும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கடிதம் எழுதினார். எலிகள் பயந்தது கிராம்புக்கு அல்ல, இயக்குநருக்கு என்று உங்கள் அறிக்கையே சொல்கிறதே என்று கேட்டிருந்தார். நிலையம் இரண்டு நாள் அரண்டுபோயிருந்தது. மூன்றாம் நாள் இயக்குநர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார்.

"ஆமா, அதுங்க என்னைப் பாத்துத்தான் பயந்துச்சு. தலைமையோட தாக்கம் சிற்றுயிர் வரைக்கும் இறங்குதுங்கறத இந்த நிலையம்தான் முதல்ல நிரூபிச்சிருக்கு. அதத் தைரியமா வெளியிட்டதும் நாமதான். பின்னிணைப்பு நாலு பாருங்க. எதையும் நாம மறைக்கல."

வரவேற்பறையில் ஆளுயரப் படத்தின் கீழே கண்ணாடிப் பெட்டியில் ஒரு கடைவாய்ப் பல் வைக்கப்பட்டது. பல் மருத்துவர் பிடுங்கிய பல்லை அன்றே குப்பையில் போட்டுவிட்டதால், வேறொருவருடைய பல். டாக்டரம்மா துறைத் தலைவரானார். எலியக்காவின் பதிவேட்டைக் கண்டெடுத்தவர் என்று அவருக்குப் பாராட்டுச் சான்றிதழும் கிடைத்தது.

மகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததை எலியக்காவுக்கு மருமகன்தான் போன் செய்து சொன்னார். வலி எடுத்து ஐந்து மணிநேரம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் தும்மினாலும் அம்மாவுக்குச் சொல்கிறவள் அவள். இப்போது சாப்பாடு ஆயிற்றா, மாத்திரை போட்டாயா என்றால் ஆயிற்று, போட்டேன் என்று பதில் வரும். கேட்டதற்குப் பதில் உண்டு. கேட்காததற்கு ஒரு வார்த்தை கிடையாது.

எலியக்கா அரக்கப்பரக்க ஓடிவந்தபோது பிரசவ அறைக் கதவுக்கு வெளியே மருமகன் நின்றிருந்தார். அவருக்கு நாலடி தள்ளி, கையில் ஒரு சின்னப் பனிக்கட்டிப் பெட்டியும் கக்கத்தில் கோப்புமாக டாக்டரம்மா. எலியக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்தார்; ஒன்றுமே நடக்காததுபோல.

"அக்கா! நல்ல வேள வந்தீங்க. கொடி அறுக்கும்போது ரெண்டே சொட்டு ரத்தம் போதும். மூணாவது தலைமுறைல்ல? பொண்ணு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாளாம். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா அவ கேப்பா."

எலியக்கா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். எத்தனையோ நாள் குடுவை கழுவும்போது இந்த முகத்துக்கு நேராகக் கேட்க வேண்டும் என்று வாய்க்குள் கேள்விகளை அடுக்கி வைத்திருந்தாள். எதுவும் இப்போது நினைவுக்கு வரவில்லை.

"கேக்க மாட்டா மேடம்" என்றாள். "முன்ன கேப்பா. உங்க நாப்பத்தோராம் பக்கத்தப் படிச்சதிலேருந்து நான் எது சொன்னாலும் கேக்கறதில்ல. எங்கிட்ட எதுவும் சொல்றதும் இல்ல. வேணும்னா அதையும் எழுதிக்குங்க."

சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினாள்.

டாக்டரம்மா பனிக்கட்டிப் பெட்டியைக் கீழே வைத்தார். கோப்பைத் திறந்தார். உண்மையிலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து கேட்டார்:

"எந்தத் தேதியிலேருந்து அக்கா? சுமாராச் சொன்னாப் போதும்."